‘போர்க்குடிகள்’: புகழுரையால் விளைந்த தீங்கு

ஒரு சமுதாயத்தாரை இழித்துரைப்பது தவறு என்பதை நாம் உடனே உணர்ந்துகொள்கிறோம். ஆனால், ‘இவர்கள் பிறவியிலேயே வீரர்கள்’ என்றோ, ‘வணிகம் இவர்கள் இரத்தத்தில் ஊறியது’ என்றோ புகழ்ந்துரைக்கும்போது நமக்குச் சினம் தோன்றுவதில்லை; உள்ளூர மகிழ்ச்சியே தோன்றுகிறது. புகழ்ச்சியால் என்ன கேடு வந்துவிடப் போகிறது என்றும் எண்ணுகிறோம். இவ்வெண்ணம் சரிதானா என்பதை நம் நாட்டு வரலாற்றைக் கொண்டே இக்கட்டுரையில் ஆராய முற்படுகிறோம். ஆங்கிலேயர் தமது இந்தியப் படைக்கு ஆள் சேர்க்கக் கையாண்ட ‘போர்க்குடிகள்’ என்னும் கொள்கையே நாம் எடுத்துக்கொண்ட சான்றாகும்.

கொள்கை பிறந்த வரலாறு

1857-க்கு முன்னர் கிழக்கிந்தியக் கம்பெனியின் வங்காளப் படையில், அவத், பீகார் பகுதிகளைச் சேர்ந்த பிராமணரும் ராஜபுத்திரரும் மிகுதியாக இருந்தனர். உயர்ந்த உடற்கட்டும் ஒழுங்கும் வாய்ந்த சிப்பாய்கள் என்று கம்பெனி அதிகாரிகள் அவர்களைக் கொண்டாடினர். 1845-46, 1848-49 ஆகிய ஆண்டுகளில் நடந்த சீக்கியப் போர்களில் பஞ்சாபை வென்று கொடுத்தவர்களுள் அவர்களும் அடங்குவர்.

1857-இல் அச்சிப்பாய்களே ஆங்கிலேயருக்கு எதிராகக் கிளர்ந்தெழுந்தனர். அவர்களை அடக்கப் பஞ்சாபிலிருந்து திரட்டப்பட்ட படைகளும் கூர்க்காக்களும் துணைநின்றனர். அதன்பின் புகழுரை இடம் மாறிற்று. நேற்றுவரை சிறந்த சிப்பாய் எனப்பட்டவர் ஐயத்திற்குரியவர் ஆனார். சீக்கியர், பஞ்சாபி முஸ்லிம்கள், பட்டாணியர், கூர்க்காக்கள் முதலியோர் பிறவிப் போர்வீரர் எனப் போற்றப்பட்டனர். சில ஆண்டுகளுக்குள் வீரம் ஒரு மண்ணை விட்டு மற்றொரு மண்ணுக்குக் குடிபெயர்ந்துவிடுமா? மாறியது மக்களின் இயல்பன்று, ஆள்வோரின் தேவையே.

இக்கொள்கையை உறுதியாக வேரூன்றச் செய்தவர் ராபர்ட்ஸ் பிரபு. 1881 முதல் 1885 வரை சென்னைப் படைக்கும், பின்னர் 1893 வரை இந்தியப் படை முழுமைக்கும் அவர் தலைமைத் தளபதியாக இருந்தார். நெடுங்கால அமைதியும் பாதுகாப்பும் தென்னாட்டுச் சிப்பாய்களை மென்மையாக்கிவிட்டன என்ற கருத்தை, 1897-இல் வெளியான தம் நினைவு நூலில் அவர் எழுதியுள்ளார். திப்பு சுல்தானுக்கு எதிராகவும், 1824-26-இல் பர்மாவிலும் கம்பெனிக்காகப் போரிட்டது இதே சென்னைப் படைதான். ஒரு காலத்தில் 52 காலாட்படைப் பிரிவுகளைக் கொண்டிருந்த அப்படை படிப்படியாகச் சுருக்கப்பட்டது. ஒரு சாராரைப் புகழ்ந்த சொல்லே மற்றொரு சாராருக்குக் கதவடைப்பாயிற்று.

புகழின் விலை

புகழப்பட்டோராவது நன்மை அடைந்தனரா? நிலமும் ஓய்வூதியமும் பலருக்குக் கிடைத்தன என்பதை நாம் மறுப்பதற்கில்லை. ஆயினும் அப்புகழுரையின் மறுபக்கத்தையும் காண வேண்டும். ‘வீரன், ஆனால் தானாகச் சிந்திக்கத் தெரியாதவன், வெள்ளை அதிகாரி வழிநடத்தினால் நன்கு போரிடுவான்’ என்பதே அதன் முழுப்பொருள். கல்வி கற்ற இளைஞரைவிட எழுத்தறியாத கிராமத்து இளைஞரையே ஆள்சேர்ப்போர் விரும்பினர். வீரத்தில் இணையற்றவர் என்று இத்தனை புகழப்பட்டும், முழு அதிகாரமுள்ள அதிகாரிகளாகும் பொருட்டு ஸாண்ட்ஹர்ஸ்ட் பயிற்சிக் கல்லூரியில் இந்தியருக்கு இடம் கிடைத்தது 1918-இல்தான்; அதுவும் ஆண்டுக்குப் பத்து இடங்களே.

1914-இல் முதல் உலகப்போர் மூண்டபோது இந்தியப் படையில் ஏறத்தாழப் பாதிப்பேர் பஞ்சாபியர். விக்டோரியா சிலுவை என்னும் உயர் விருதை வென்ற முதல் இந்தியச் சிப்பாயான குதாதாத் கான், இன்றைய பாகிஸ்தானின் சக்வால் பகுதியைச் சேர்ந்த பஞ்சாபி முஸ்லிம் ஆவார். அதே பகுதியிலுள்ள துல்மியால் என்னும் ஒரே சிற்றூரிலிருந்து 460 பேர் அப்போருக்குச் சென்றனர். அதற்குப் பரிசாக அவ்வூருக்குக் கிடைத்தது ஒரு பழைய பீரங்கி! போர் நீடித்தபோது, மைக்கேல் ஓட்வயர் துணைநிலை ஆளுநராயிருந்த பஞ்சாபில் ஊருக்கு இத்தனை பேர் எனக் கணக்கு வைத்து, வற்புறுத்தியும் ஆள் சேர்த்தனர். 1919 ஏப்ரல் 13 அன்று அதே பஞ்சாபின் ஜாலியன்வாலா பாக்கில் மக்கள் சுட்டுக் கொல்லப்பட்டனர். டயரின் ஆணைக்குக் கீழ்ப்படிந்து சுட்ட சிப்பாய்களுள் ‘போர்க்குடி’ எனப் போற்றப்பட்ட கூர்க்காக்களும் இருந்தனர்.

பட்டாணியர் தந்த மறுமொழி

பட்டாணியர் என்றால் துப்பாக்கியும் பழிவாங்கலும் என்பதே ஆங்கிலேயர் வரைந்த சித்திரம். அந்தப் பட்டாணியரிடையேதான் 1929-இல் கான் அப்துல் கஃப்பார் கான் ‘குதாயி கித்மத்கார்’ என்னும் அறப்போர் இயக்கத்தைத் தோற்றுவித்தார். 1930 ஏப்ரல் 23 அன்று பெஷாவர் கிஸ்ஸாகானி கடைவீதியில் ஆயுதமின்றித் திரண்ட மக்கள் மீது குண்டுகள் பொழியப்பட்டன. அப்போது ‘போர்க்குடி’யான கார்வால் படைப்பிரிவுச் சிப்பாய்கள் சிலர், சந்திரசிங் கார்வாலியின் தலைமையில், நிராயுதபாணிகளைச் சுட மறுத்துச் சிறை சென்றனர். போருக்கென்றே பிறந்தவர் எனப்பட்ட இரு சாராரும் அன்று காட்டிய வீரம், ஆங்கிலேயர் எழுதி வைத்த கையேடுகள் எதிலும் இடம்பெறாத வீரமாகும்.

ஆள்வோர் சென்றபின்னும் அகலாத நஞ்சு

அந்நியர் வெளியேறியதும் இக்கொள்கை மறைந்துவிடவில்லை. 1947-இல் தோன்றிய பாகிஸ்தானின் படையில் மேற்குப் பஞ்சாபியரும் பட்டாணியருமே மேலோங்கி நின்றனர். மக்கள்தொகையில் பெரும்பான்மையினரான கிழக்கு வங்காள மக்கள், போருக்குத் தகுதியற்றவர் என்ற பழைய கருத்தினால் ஒதுக்கப்பட்டனர். 1965 போரில் லாகூரைக் காத்து நின்றவர்களுள் கிழக்கு வங்காளப் படைப்பிரிவினரும் இருந்தனர். அதற்குப் பின்னும் அக்கருத்து மாறவில்லை. மொழி, பொருளாதாரம், ஆட்சியுரிமை எனப் பல காரணங்களோடு இந்த இழிநோக்கும் சேர்ந்து 1971-இல் நாடே பிளவுண்டது. கலிமாவால் ஒன்றுபட்ட மக்களையும் இனப் பெருமை பிரித்துவிட்டது என்பது நாம் நெஞ்சில் நிறுத்த வேண்டிய பாடமன்றோ!

நாம் பெறும் படிப்பினை

இவ்வரலாற்றிலிருந்து நாம் அறிவன யாவை? ஓர் இனத்தைப் பொதுவாகப் புகழும் சொல், அதை வழங்குவோரின் நலனுக்கு ஏற்பவே தரப்படுகிறது. அந்நலன் மாறினால் திரும்பப் பெறப்படுகிறது. புகழப்பட்டவனை அது ஒரே வேலைக்குள் அடைக்கிறது. புகழப்படாதவனை வெளியே தள்ளுகிறது. இருவருமே தனிமனிதர் என்ற நிலையை இழக்கின்றனர்.

‘முஸ்லிம்கள் பிறவி வணிகர்கள், அவர்களுக்குப் படிப்பெதற்கு?’ என்று ஒருவர் கூறும்போது, முதற்பாதியைக் கேட்டு மகிழ்ந்து இரண்டாம் பாதியை நாம் கவனியாது விடுகிறோம். சில வேளைகளில் நாமே நம் பிள்ளைகளிடம் அதைச் சொல்லவும் செய்கிறோம். வேறு சமுதாயத்தாரைப் பற்றியும், ‘அவர்கள் மூளைக்காரர்கள்’, ‘அவர்கள் உழைப்புக்கென்றே பிறந்தவர்கள்’ என்று எளிதாகப் பேசிவிடுகிறோம். பிறர் நமக்குச் சூட்டும் இத்தகைய மாலைகளை ஏற்குமுன்னும், நாம் பிறருக்குச் சூட்டுமுன்னும், துல்மியாலின் அந்தப் பழைய பீரங்கியை ஒரு கணம் எண்ணிப் பார்ப்போமாக.