ஏழு கிராம் காப்பி

போடி மலையில், குரங்கணிக்கு மேலே, கொட்டகுடி ஆறு பிறக்கிற சரிவுகளில் காப்பிச் செடிக்குத் தனி வாழ்வு கிடையாது. தலைக்கு மேல் சில்வர் ஓக்கும் பலாவும் நிழல் பிடிக்கும். அந்த மரங்களில் மிளகு ஏறியிருக்கும். ஈரம் தங்குகிற பள்ளங்களில் ஏலம். கோடை மழை ஒன்று பெய்து பத்து நாளானால் கிளையெல்லாம் வெள்ளைப் பூ. பழம் சிவக்கக் கார்த்திகை, மார்கழி ஆகிவிடும். அதுவும் எல்லாம் ஒன்றாகச் சிவப்பதில்லை. ஒரே செடிக்கு மூன்று நான்கு நடை போய், சிவந்ததை மட்டும் பார்த்துப் பறிக்க வேண்டும்.

அப்படிப் பறித்த கூடையிலிருந்து 7 கிராமை மட்டும் பின்தொடர்வோம். எஸ்பிரஸ்ஸோ மெஷின் ஒரு சின்னக் கப்புக்குக் கேட்கிற வறுத்த தூளின் அளவு அது. கொட்டையாக எண்ணினால் ஐம்பது சொச்சம். ஒரு பழத்தில் இரண்டு கொட்டை என்பதால், இருபத்தைந்து முப்பது பழம். (சில பழத்தில் ஒரே கொட்டை உருண்டையாக விளையும். பீபெரி என்று தனி விலை வைத்து விற்பது அதைத்தான். ருசியில் அதற்கு இருக்கும் பெயர் கொஞ்சம் அதிகம் என்பது என் எண்ணம்.)

பறித்த அன்றே பல்பரில் தோலை நீக்கி, கொட்டையைச் சுற்றிய கொழகொழப்பு விடும்வரை ஊறவைத்துக் கழுவி, களத்தில் காயப்போட்டால் ஓட்டோடு கூடிய பார்ச்மென்ட். தண்ணீரோ ஆளோ போதாத தோட்டத்தில் பழத்தை அப்படியே காயவைப்பார்கள், அது செர்ரி. எதுவானாலும் மலையை விட்டு இறங்கியாக வேண்டும். அகமலைப் பக்கம் சாலை எட்டாத ஊர்களிலிருந்து மூட்டைகள் குதிரையிலும் கோவேறு கழுதையிலும்தான் இறங்கி வந்திருக்கின்றன. இதே மலைத்தொடரில் நூறு வருடத்துக்கு முன் வேறொரு ஏற்பாடு இருந்தது. மூணாறிலிருந்து டாப் ஸ்டேஷன் வரை 1908இல் போட்ட சிறு ரயில் தேயிலையைக் கொண்டுவரும். அங்கிருந்து கம்பிவடம் கொட்டகுடிக்கு இறக்கும். பிறகு மாட்டுவண்டியில் போடி. 1924 வெள்ளம் அந்த ரயிலை அடித்துக்கொண்டு போனது. மதுரையிலிருந்து போடிக்கு ரயில் வந்தது 1928இல். அகலப்பாதைக்காக 2010 கடைசியில் நிறுத்திய வண்டி, போடிக்குத் திரும்ப 2023 ஜூன் ஆனது. காப்பி மூட்டைகள் எப்போதோ லாரிக்கு மாறிவிட்டன.

ஓடு நீக்கித் தரம் பிரித்த பச்சைக் கொட்டைக்கு முன்னால் இரண்டு வழி. ஒன்று உள்ளூர் வறுவல் கடை: அரைத்துச் சிக்கரி சேர்த்து, வீட்டு ஃபில்டரில் இரவே டிகாஷன். இன்னொன்று கப்பல். இந்தியாவில் விளையும் காப்பியில் பெரும்பகுதி ஏற்றுமதிதான்; அதை அதிகம் வாங்கும் நாடு இத்தாலி.

அந்த இத்தாலியில், திரியெஸ்தே துறைமுக நகரத்து இல்லி நிறுவனம், 1974இல் காப்பிக்குப் புதிய உடுப்பு ஒன்றைத் தைத்தது. 7 கிராம் தூளை அழுத்தி, இரண்டு வடிகாகிதங்களுக்கு நடுவே வைத்து, ஓரத்தை ஒட்டினால் ஒரு வில்லை. அகலம் 44 மில்லிமீட்டர். பாட் என்று விற்கிறது. 1990களின் பிற்பகுதியில் வேறு நிறுவனங்களும் இதே அளவுக்கு ஒப்புக்கொள்ள, ஈ.எஸ்.ஈ. என்ற பெயரில் அது பொது அளவாயிற்று. நெஸ்லேயில் எரிக் ஃபாவ்ர் 1976இல் காப்புரிமை பெற்று, 1986இல் நெஸ்பிரஸ்ஸோவாகச் சந்தைக்கு வந்த அலுமினியக் கேப்ஸ்யூல் வேறு சங்கதி. அந்தக் கேப்ஸ்யூலுக்கென்றே தனி மெஷின் வேண்டும். காகித வில்லை அப்படியில்லை; ஏற்கெனவே வீட்டில் இருக்கிற மெஷினோடு சேர்ந்துபோகப் பார்க்கும்.

பார்க்கும் என்றுதான் சொல்ல முடியும். வீட்டு எஸ்பிரஸ்ஸோ மெஷினின் கைப்பிடிக்குள் ஒரு சல்லடைக் கிண்ணம் உண்டு. அகலம் மெஷினுக்கு மெஷின் மாறும்; 51, 54, 58 மில்லிமீட்டர் என்று பல அளவு. தூளைப் போட்டு, அழுத்தி, மெஷினின் வாயில் மாட்டித் திருகினால், சுமார் 9 பார் அழுத்தத்தில் வெந்நீர் தூளைத் துளைத்துக்கொண்டு இறங்கும். (கல்யாண மண்டபத்தில் உஸ்ஸென்று ஆவி விட்டுப் பாலை நுரைக்க வைக்கிற மெஷினுக்கு இந்த வேலை கிடையாது.) இதே கிண்ணத்தில் 44 மில்லிமீட்டர் வில்லையைப் போட்டால் சுற்றிலும் இடைவெளி. தண்ணீர் லேசான வழியைத்தான் தேடும். வில்லையைத் தொடாமல் ஓரமாக ஓடி, கப்பில் வெளிறிய வெந்நீராக விழும்.

ஆகவே கிண்ணத்தை மாற்ற வேண்டும். வில்லைக்கென்றே ஆழம் குறைந்த கிண்ணம் விற்கிறார்கள்: வெளி அகலம் மெஷினுக்கு, உள்பள்ளம் வில்லைக்கு. திருகி மாட்டும்போது மேலிருந்து தண்ணீர் தூவுகிற தட்டு, வில்லையின் காகித ஓரத்தைச் சுற்றிலும் ஒரே சீராக அழுத்த வேண்டும். முழுச் சூட்சுமமும் அங்கேதான். ஒரு மில்லிமீட்டர் பள்ளம் கூடினால் ஓரத்தில் கசிவு; குறைந்தால் கைப்பிடி பூட்டாது. கசிந்தால் வில்லைக் கிண்ணத்துக்கு அடியில் மெல்லிய சிலிக்கோன் வளையம் கொடுத்துத் தூக்கிப் பார்க்கலாம். காகித ஓரத்தை மடங்காமல் வைத்து, லேசாக நனைத்தால் நன்றாகப் படியும். முடிந்தவுடன் கைப்பிடியைக் கழற்றக் கூடாது. அழுத்தத்தைத் தானே வெளியேற்றும் வால்வு இல்லாத சின்ன மெஷினில் சூடான தூள் முகத்தில் தெறிக்கும். சற்றுப் பொறுக்க வேண்டும்.

அளவெடுக்க, அரைக்க, அழுத்த வேண்டாம் என்பதற்காகத்தானே வில்லை? அந்தக் கைவேலை போய்விடவில்லை. மில்லிமீட்டருக்குள் ஒளிந்துகொண்டது, அவ்வளவுதான்.

போடி மலைக் கொட்டையையே வில்லையாக்கிக் குடிக்க ஆசைப்படுகிறவருக்கு வீட்டில் அடைப்பதுதான் கிட்டத்து வழி. கிண்ணத்துக்குப் பொருந்துகிற இரண்டு வட்ட வடிகாகிதம், நடுவே தூள். கடையில் ஃபில்டருக்கு வாங்குகிற கலப்புத் தூள் இதற்கு ஒத்துவராது. சட்டப்படி அதில் காப்பி 51 சதவீதம் இருந்தால் போதும். மிச்சம் சிக்கரியாக இருக்கலாம். சிக்கரி சட்டெனக் கரைந்து பிசுபிசுத்துக் காகிதத்தின் கண்ணை அடைக்கும். அதைக் குறை சொல்லிப் பயனில்லை; ஃபில்டரில் சொட்டுச் சொட்டாக இறங்கப் பழகிய கலவை அது. தனிக் காப்பியாக, ஃபில்டருக்கு அரைப்பதைவிட ஒரு சுற்று நைசாக அரைத்துத் தரச் சொல்ல வேண்டும். தண்ணீரையும் கவனிக்க வேண்டும். ஆழ்துளைக் கிணற்றின் உப்புத் தண்ணீரை ஊற்றினால் கொதிகலனுக்குள் சுண்ணாம்பு படிந்து, அடைப்பு வில்லையிலா மெஷினிலா என்று தெரியாமல் திண்டாட வேண்டியிருக்கும்.

முப்பது மில்லி இறங்கியதும் 7 கிராமின் வேலை முடிந்தது. பாலும் சர்க்கரையும் சேர்க்காமல் அதைக் குடிக்கிறவர்கள் கம்பம் பள்ளத்தாக்கில் அதிகம் இருக்க மாட்டார்கள்; நானும் சூடான பாலை ஊற்றிக்கொள்கிற கட்சிதான்.

எஞ்சுவது ஈரச் சக்கை. வில்லையை அப்படியே கறிவேப்பிலைச் செடியடியில் புதைக்கலாம். தூளோடு காகிதமும் மக்கும். தோட்டத்தில் பல்பர் கழித்த பழத்தோலும் மக்கிக் காப்பிச் செடிக்கே எருவாகிறது. அலுமினியக் கேப்ஸ்யூலைக் கிழித்து, சக்கையைத் தட்டி, கழுவி, பழைய சாமான் கடைக்குச் சேர்த்து வைக்கலாம். ஒன்று ஏறத்தாழ ஒரு கிராம். கிலோ சேர ஆயிரம் கப் குடிக்க வேண்டும்.