ஆட்களைப் பிரிப்பதா, வீடுகளைப் பரப்புவதா?

 

நம்முடைய புலம்பெயர் எழுத்தில் முகாம் வருகிறது, உணவகச் சமையலறை வருகிறது, பனி வருகிறது. வாடகை ஒப்பந்தம் மட்டும் அதிகம் வருவதில்லை. ஆனால் சுவிஸில் நாம் எந்த ஊரில், எந்தத் தெருவில் குடியேறினோம் என்பது தற்செயல் அல்ல. அதற்குப் பின்னால் ஒரு நூற்றாண்டு வரலாறு இருக்கிறது.

அதன் இருண்ட பக்கத்தை முதலில் பார்ப்போம். 1965 ஆகஸ்ட் 30. வலே கன்டோனில் மாட்மார்க் அணைக்கட்டு வேலைத்தளம். மேலே அலலின் பனியாறு. அது உடைந்து விழக்கூடிய இடத்திலேயே தொழிலாளர் கொட்டகைகளைப் போட்டிருந்தார்கள். பனி உடைந்து விழுந்ததில் 88 பேர் இறந்தார்கள். அவர்களில் 56 பேர் இத்தாலியர். குற்றஞ்சாட்டப்பட்ட 17 பேரும் 1972இல் விடுதலையானார்கள்.

அந்தக் கொட்டகைகள் ஒரு சட்டத்தின் விளைவு. பருவகாலத் தொழிலாளர் ஆண்டுக்கு ஒன்பது மாதம் வேலை செய்யலாம். குடும்பத்தைக் கூட்டி வரக்கூடாது. அப்படியும் வந்த பிள்ளைகள் அறைகளுக்குள் ஒளிந்து வளர்ந்தார்கள். இந்த முறை 2002இல்தான் முழுதாக முடிவுக்கு வந்தது. இடையில், 1970 ஜூன் 7இல், வெளிநாட்டவர் தொகையைக் கன்டோன்களில் பத்து வீதத்துக்குள் அடக்கக் கேட்ட ஷ்வார்ட்ஸென்பாக் முன்மொழிவு வாக்கெடுப்புக்கு வந்தது. 54 வீதத்தினர் ‘வேண்டாம்’ என்றதால் தோற்றது. அப்போது கூட்டாட்சி வாக்கெடுப்பில் ஆண்களுக்கு மட்டுமே வாக்கு.

இதே நாட்டில் இன்னொரு மரபும் வளர்ந்தது. சூரிச் நகரம் 1907இல் தானே வீடு கட்டுவதென்று தீர்மானித்தது. 1916இல் ஏபிஸெட் என்ற வீட்டுக் கூட்டுறவுச் சங்கம் தொடங்கியது. அதன் கணக்கு எளிமையானது. கட்டிய செலவு, கடன் வட்டி, பராமரிப்பு, இவை மட்டுமே வாடகை, இலாபம் கிடையாது. வீட்டை விற்றுச் சம்பாதிக்கவும் வழியில்லை. நகரம் நிலத்தை நீண்டகாலக் குத்தகைக்குக் கொடுத்தும் கடன் கொடுத்தும் உதவியது. அதனால் குறைந்த வாடகை வீடுகள் ஒரே ஓரத்தில் குவியாமல் பல வட்டாரங்களில் பரவின. இன்று சூரிச்சில் ஏறக்குறைய நான்கில் ஒரு வீடு இலாபநோக்கற்றது. இதை 2050க்குள் மூன்றில் ஒன்றாக்க வேண்டும் என்று 2011இல் நகர வாக்காளரில் முக்கால்வாசிப் பேர் ஆதரித்தார்கள்.

நாம் வந்தது எண்பதுகளில். இங்கு தஞ்சம் கோருவோர் கன்டோனைத் தெரிவு செய்ய முடியாது. மக்கள்தொகை விகிதப்படி பிரித்து அனுப்புகிறார்கள். இதுவும் ஒரு குடியிருப்புக் கொள்கைதான். ஆட்கள் ஓரிடத்தில் குவியாமல் தடுக்கிறது; ஆனால் அண்ணனை ஒரு கன்டோனிலும் தம்பியை இன்னொன்றிலும் வைக்கிறது. அனுமதி உறுதியானபின் எங்கே வாடகை கட்டுப்படியாகுமோ அங்கே போனோம். பேர்ண் மேற்கில் சார்னர்கூட் அடுக்குமாடிகள் 1958க்குப் பின் சாதாரணக் குடும்பங்களுக்காக எழுந்தவை, சுமார் 1,200 வீடுகள். காலப்போக்கில் அந்தப் பகுதி குடியேறியோரின் பகுதியாகவும் ஆனது. 2014இல் ஐரோப்பாபிளாட்ஸில் திறந்த சமயங்களின் இல்லத்தில் நம் சைவக் கோயிலும் இருக்கிறது.

டென்மார்க்கைப் பாருங்கள். 2018இன் சட்டம், ‘மேற்கத்தியர் அல்லாதோர்’ பாதிக்கு மேல் வாழ்கிற சில குடியிருப்புகளில் பொதுக் குடும்ப வீடுகளை 40 வீதமாகக் குறைக்கச் சொன்னது; இடித்தோ விற்றோ. வறுமை குவிந்திருக்கிறது என்று வறியவரின் வீட்டை எடுத்தால், வறுமை இடம் மாறும், அவ்வளவுதான். எல்லா ஊரிலும் கட்டுப்படியான வீடு இருந்தால், யாரையும் தள்ளாமலே மக்கள் கலந்து வாழ்வார்கள். சூரிச் கற்றுத்தருவது இதைத்தான்.

ஆனால் சூரிச்சையும் அளவுக்கு மீறிப் புகழ வேண்டாம். விண்ணப்பப் படிவத்தில் அனுமதி வகை கேட்பார்கள், கடன் நிலுவை இல்லையென்ற சான்று கேட்பார்கள். கொசோவோ, துருக்கிப் பெயர்களில் விண்ணப்பித்தால் வீடு பார்க்கும் அழைப்பு குறைவாக வருகிறது என்று 2019இன் நாடு தழுவிய ஆய்வு காட்டியது. பழைய மலிவு வீடுகளை இடித்துப் புதிது கட்டும்போது வெளியேறுவோரில் குறைந்த வருமானக்காரரும் அகதிப் பின்னணியினரும் அதிகம் என்று சூரிச் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் 2023இல் சொன்னது. கூட்டுறவு வீட்டுக்கோ பங்குத்தொகை வேண்டும், நீண்ட காத்திருப்பு வேண்டும், எங்கே எப்போது வீடு காலியாகும் என்ற செய்தி வேண்டும். செய்தி தெரிந்தவர்களுக்கே முதலில் போகிறது. பிந்தி வந்த நமக்கு அது பெரிய இழப்பு.

கடைசியாக ஒன்று. 2011 வாக்கெடுப்பில் சுவிஸ் கடவுச்சீட்டு இல்லாத எவரும் வாக்களிக்க முடியவில்லை. ஆனால் சுவிஸ் சட்டப்படி கூட்டுறவுச் சங்கத்தில் உறுப்பினர் ஒருவருக்கு ஒரு வாக்கு. பங்கு எவ்வளவு என்று பார்ப்பதில்லை, எந்த நாட்டவர் என்றும் பார்ப்பதில்லை. எந்த வீட்டை இடிப்பது, என்ன கட்டுவது என்பதைப் பொதுக்கூட்டத்தில் கைதூக்கித் தீர்மானிக்கலாம். ஆகவே, வளர்ந்த பிள்ளைகள் இருக்கிறவர்கள் அவர்கள் வீடு தேடத் தொடங்குமுன்பே கூட்டுறவுகளில் பெயர் பதிந்து வையுங்கள். ஏற்கெனவே உறுப்பினராக இருக்கிறவர்கள் அடுத்த பொதுக்கூட்டத்துக்குப் போங்கள். இனி உங்கள் கேள்விகளுக்கு வருகிறேன்.