நாயாற்றில் இருந்து இடம்பெயர்ந்த முட்டை

1984 டிசெம்பரில் கொக்கிளாய், கொக்குத்தொடுவாய், கருநாட்டுக்கேணி, நாயாறு ஊர்ச் சனங்கள் வளவும் வலையும் விட்டு இடம்பெயர்ந்தார்கள். அவர்களுள் ஐந்து மாதக் கர்ப்பிணி ஒருத்தி இருந்தாள் என்று வைத்துக்கொள்வோம், வயிற்றில் பெண்பிள்ளை. பதிவில் அவள் ஒரு ஆள். நடந்து போனதோ மூன்று தலைமுறை. அந்தச் சிசுவின் சூலகங்களில் அப்போதே அறுபது, எழுபது இலட்சம் முட்டைகள் இருந்தன. பின்னாளில் பேரப்பிள்ளையாகப்போகும் முட்டையும் அவற்றில் ஒன்று.

அதற்கு இடப்பெயர்வு புதிதல்ல. அதன் மூதாதைக் கலம் தோன்றிய இடம் சூலகமே அல்ல. கருவுற்ற மூன்று, நான்கு வாரத்தில், முளையத்துக்கு வெளியே, மஞ்சட்கருப் பையின் சுவரில் அது தென்படும். அங்கிருந்து பின்குடல் வழியே ஊர்ந்து ஆறாம் வாரமளவில் சூலகம் அமையும் இடத்துக்கு வந்துசேரும். பிறகு ஒடுக்கற்பிரிவைத் தொடங்கிப் பாதியில் நிறுத்திவிடும்.

நிறுத்தியது நிறுத்தியதுதான். பிள்ளை பிறந்தபோது பத்து, இருபது இலட்சம் முட்டைகள் மிச்சம். சாமத்தியப்பட்டபோது மூன்று, நான்கு இலட்சம். சுனாமி, முள்ளிவாய்க்கால், செட்டிகுளம் முகாம் எல்லாம் வந்து போயின. அந்த முட்டை அப்படியே கிடந்தது. ஊர் திரும்பிய பின், 2012இல் ஒரு மாதம், அதன் முறை வந்தது. வெளிவரச் சற்று முன்புதான் பழைய பிரிவை முடித்தது. அதனுடன் கூடிய விந்து உருவாகி மூன்று மாதம்கூட ஆகியிராது. போரைக் கடந்து வந்தது முட்டை மட்டும்தான்.

இந்தக் காத்திருப்புக்கு விலை உண்டு. நிறமூர்த்தங்களைப் பிணைத்து வைக்கும் புரதம் வயதோடு தளரும், பிரிவு பிசகும். இருபத்தைந்து வயதுத் தாய்மாரின் பிள்ளைகளில் ஆயிரத்துக்கும் மேற்பட்டவருக்கு ஒருவர் டவுன் குறைபாட்டோடு பிறப்பார். நாற்பது வயதில் நூறுக்கு ஒருவர்.

ஐம்பதை ஒட்டி முட்டைகள் ஏறக்குறையத் தீர்ந்துவிடும். சிம்பன்சிக்கும் அப்படித்தான், ஆனால் பெரும்பாலானவை அதற்கு முன்பே செத்துப்போகும். மனுசி ஏன் அதன்பின் இருபது, முப்பது ஆண்டு வாழ்கிறாள்? தான்சானியாவின் ஹாட்சா மக்களிடையே கிறிஸ்டன் ஹோக்ஸ் கண்டது, கிழவிமார் தோண்டிவரும் கிழங்கே பேரப்பிள்ளைகளைத் தேற்றுகிறது என்பதை. முட்டை ஏன் தீர்கிறது என்பதற்கு அது முழுப் பதில் அல்ல. அம்மம்மாமார் ஏன் இருக்கிறார்கள் என்பதற்கு நல்ல பதில்.

முட்டை தன்னோடு அம்மம்மாவின் இழைமணிகளையும் கொண்டுவந்தது. அவை தாய்வழியே மட்டும் போகும். 2013இல் பிறந்தது பெண்ணென்றால் அவளுடைய முட்டைகளிலும் அவை இருக்கும். பெடியன் என்றால் அவனோடு சரி.