சன்னலை மூடச் சொன்ன டிவியும் சூரியனைக் காட்டிய டிவியும்

1980 பிப்ரவரி 16, சனிக்கிழமை. மதியம் தாண்டியதும் டெல்லி, பம்பாய் போன்ற பெரிய நகரங்களின் தெருக்கள் வெறிச்சோடிப் போயின. பந்த் கிடையாது, ஊரடங்கு கிடையாது, கலவரமும் கிடையாது. அன்று முழு சூரிய கிரகணம், அவ்வளவுதான்!

இந்தியப் பெருநிலத்தில் பல வருடங்கள் கழித்து வந்த முழு கிரகணம் அது. நிழல் கர்நாடகக் கடற்கரையில் கார்வார் பக்கம் நுழைந்து, ஹூப்ளி, ராய்ச்சூர் வழியாக ஆந்திராவைத் தாண்டி, ஒரிசா கடற்கரையில் வெளியேறியது. ஹைதராபாத் அருகே உஸ்மானியா பல்கலைக்கழகத்தின் ஜப்பல்-ரங்காபூர் வானாய்வகத்தில் விஞ்ஞானிகள் தொலைநோக்கியோடு காத்திருந்தார்கள். பொதுமக்களோ கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே இருந்தார்கள். பார்த்தால் கண் போய்விடும் என்ற எச்சரிக்கை ஒரு பக்கம், கிரகண தோஷம் என்ற பழைய பயம் இன்னொரு பக்கம். பிள்ளைகள் வெளியே ஓடிவிடக் கூடாதே என்று தூர்தர்ஷன் அன்று மதியம் ஒரு சினிமா போட்டதை அந்தத் தலைமுறைக்காரர்கள் இன்றைக்கும் சொல்லிச் சிரிப்பார்கள். அபூர்வமாக வானம் போடும் படத்தை மறைக்க ஒரு ஹிந்திப் படம்!

இப்போது பதினைந்து வருடம் தாண்டி வருவோம். 1995 அக்டோபர் 24, செவ்வாய்க்கிழமை. தீபாவளிக்கு மறுநாள் காலை. மறுபடியும் முழு கிரகணம். இந்த முறை நிழல் ராஜஸ்தானில் நீம் கா தானா பக்கம் தொடங்கி, ஆக்ரா, அலகாபாத் வட்டாரங்களைத் தொட்டு, வங்காளத்தின் டயமண்ட் ஹார்பர் வரை போனது. அதே தூர்தர்ஷன் அன்றைக்கு என்ன செய்தது தெரியுமா? கிரகணத்தை நேரடி ஒளிபரப்பாகக் காட்டியது. திரையில் ஒரு முதியவர், தன் பேரக்குழந்தைக்கு விளக்குவது போல உற்சாகமாகப் பேசிக்கொண்டிருந்தார். பாதுகாப்பான வடிகட்டிக் கண்ணாடியோடு ஏராளமான மக்கள் மைதானங்களிலும் மொட்டை மாடிகளிலும் நின்று மேலே பார்த்தார்கள்.

ஒரே டிவி, ஒரே தேசம், ஒரே சூரியன். நடுவில் என்ன நடந்தது? அந்தக் கேள்விக்கான பதிலில் பாதி, திரையில் பேசிய அந்த முதியவரின் கதையில் இருக்கிறது. அவர் பெயர் யஷ்பால்.

கோழி வலையில் வந்த அறிவியல்

1926-ல் இன்றைய பாகிஸ்தானில் உள்ள ஜங் என்ற ஊரில் பிறந்தவர் யஷ்பால். பம்பாயில் டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தில் காஸ்மிக் கதிர்களை ஆராய்ந்த இயற்பியலாளர். 1973-ல் விக்ரம் சாராபாய் கனவு கண்ட ஒரு வேலை இவர் தலையில் விழுந்தது. அகமதாபாத்தில் இருந்த விண்வெளிப் பயன்பாட்டு மையத்தின் இயக்குநர் பதவி.

அங்கே அவர் நடத்திக் காட்டிய சோதனைதான் 'சைட்'. 1975 ஆகஸ்ட் 1 முதல் 1976 ஜூலை 31 வரை சரியாக ஒரு வருடம். அமெரிக்காவின் ஏ.டி.எஸ்-6 செயற்கைக்கோளைக் கடன் வாங்கி, ஆறு மாநிலங்களில் சுமார் 2400 கிராமங்களுக்கு நேரடியாக டிவி நிகழ்ச்சிகள் அனுப்பினார்கள். சாலையே ஒழுங்காக இல்லாத ஊர்களில் கோழிக்கூண்டுக்கு அடிக்கும் கம்பி வலையால் செய்த 3 மீட்டர் ஆன்டெனாக்கள் எழுந்தன. விவசாயம், சுகாதாரம், குடும்பநலம் ஆகியவற்றோடு, பள்ளிப் பிள்ளைகளுக்கான அறிவியல் நிகழ்ச்சிகளும் அதில் இருந்தன.

இதில் ஒரு சுவையான கிளைக்கதை உண்டு. தகவல் தொடர்புக்கு இப்படி ஒரு செயற்கைக்கோளைப் பயன்படுத்தலாம் என்று 1945-லேயே எழுதியவர் ஆர்தர் சி. கிளார்க். அவர் அப்போது கொழும்பில் குடியிருந்தார். இந்திய விண்வெளித் துறையினர் அவர் வீட்டிலேயே ஒரு ஆன்டெனாவைப் பொருத்திக் கொடுத்தார்கள். தன் கற்பனை நிஜமானதைத் தன் வீட்டு டிவியிலேயே பார்க்கும் பாக்கியம் எத்தனை எழுத்தாளருக்குக் கிடைக்கும்?

சைட் முடிந்த அதே 1976-ல்தான் 42-வது சட்டத்திருத்தம் வந்தது. அறிவியல் மனப்பான்மையையும் கேள்வி கேட்கும் உணர்வையும் வளர்ப்பது ஒவ்வொரு குடிமகனின் அடிப்படைக் கடமை என்று அரசியல் சாசனத்தின் 51ஏ பிரிவில் எழுதிவைத்தார்கள். ஆனால் சட்டத்தில் எழுதினால் மட்டும் மனசில் ஏறிவிடுமா என்ன? நான்கு வருடம் கழித்து வந்த 1980 கிரகணமே அதற்குச் சாட்சி.

பாடம் போய் பேச்சு வந்தது

எண்பதுகளில் அரசு டிவியில் அறிவியல் நிகழ்ச்சி என்றாலே பலருக்குக் கொட்டாவி வரும். கோட்டு போட்ட ஒருவர் கரும்பலகை முன்னால் நின்று படிப்பார். 1984-ல் பல்கலைக்கழக மானியக் குழு தொடங்கிய நாடு தழுவிய வகுப்பறை நிகழ்ச்சி நல்ல முயற்சிதான், ஆனாலும் பெயரே வகுப்பறை! 1989-ல் வந்த 'பாரத் கி சாப்' வேறு மாதிரி இருந்தது. சந்திதா முகர்ஜி இயக்கிய 13 பகுதித் தொடர். இந்தத் துணைக்கண்டத்தின் அறிவியல் வரலாற்றைப் பழம்பெருமை பேசாமல், ஆதாரத்தோடு சொல்ல முயன்றது.

அடுத்து 1991-ல் வந்ததுதான் 'டர்னிங் பாயிண்ட்'. தொகுத்து வழங்கியவர் கிரீஷ் கர்னாட். நாடக ஆசிரியருக்கு அறிவியல் நிகழ்ச்சியில் என்ன வேலை என்று கேட்கலாம். அவர் கல்லூரியில் படித்தது கணிதமும் புள்ளியியலும்! இந்த நிகழ்ச்சியின் உயிர்நாடி, நேயர்களின் கேள்விகளுக்கு யஷ்பால் பதில் சொல்லும் பகுதி. சின்ன ஊர்களில் இருந்தெல்லாம் கடிதங்கள் வந்தன. எந்தக் கேள்வியையும் அவர் அசட்டுக் கேள்வி என்று ஒதுக்கவில்லை. சூத்திரத்தில் தொடங்காமல், சமையலறையிலோ தெருவிலோ எல்லாரும் பார்த்திருக்கும் ஒரு விஷயத்தில் தொடங்குவார். சொல்லிக்கொண்டே போகும்போது அவருக்கே ஆச்சரியம் வந்தது போல முகம் மலரும். அந்த ஆச்சரியம் பார்ப்பவரையும் தொற்றிக்கொள்ளும்.

இது வெறும் பேச்சுத் திறமை இல்லை, அவருடைய கொள்கையே அதுதான். 1993-ல் பள்ளிக் கல்வி பற்றி அவர் தலைமையிலான குழு ஓர் அறிக்கை கொடுத்தது. புத்தகப் பையின் கனத்தைவிட மோசமான சுமை, புரியாமல் படிப்பது என்பதுதான் அதன் சாரம். புரியாததை ஒப்புக்கொண்டு, ஏன் என்று கேட்கும் பிள்ளைதான் உண்மையில் படிக்கிறது என்று நம்பியவர் அவர். டிவியில் அவர் செய்ததும் அதையேதான்.

பால் குடித்த பிள்ளையார்

இந்த உழைப்புக்கு ஒரு பரீட்சை வந்தது. 1995 செப்டம்பர் 21, வியாழக்கிழமை. பிள்ளையார் சிலை பால் குடிக்கிறது என்ற செய்தி டெல்லியில் கிளம்பி, சில மணி நேரத்தில் நாடு முழுக்கப் பரவி, வெளிநாட்டுக் கோயில்கள் வரைக்கும் போய்விட்டது. அப்போது மொபைல் கிடையாது, வாட்ஸ்அப் கிடையாது. இருந்தும் கோயில் வாசல்களில் பால் சொம்போடு வரிசை வரிசையாகக் கூட்டம்!

அரசின் அறிவியல் பரப்புக் குழுவைச் சேர்ந்த விஞ்ஞானிகள் டெல்லியில் ஒரு கோயிலுக்குப் போனார்கள். யாரையும் திட்டவில்லை, கேலி செய்யவும் இல்லை. பாலில் கொஞ்சம் வண்ணப் பொடியைக் கலந்து கரண்டியில் கொடுத்தார்கள். பால் சிலைக்கு உள்ளே போகவில்லை, மெல்லிய படலமாகச் சிலையின் மேலேயே வழிந்து இறங்கியது வண்ணத்தில் பளிச்சென்று தெரிந்தது. கரண்டி விளிம்பில் இருக்கும் பாலை ஈரமான கல் தொட்டதும் பரப்பு இழுவிசை வெளியே இழுத்துவிடுகிறது. வெள்ளைப் பளிங்கில் வெள்ளைப் பால் வழிவது கண்ணுக்குத் தெரியவில்லை. விஷயம் இவ்வளவுதான்.

இதற்குச் சரியாக 33 நாள் கழித்துத்தான் அந்தக் கிரகணம் வந்தது. செப்டம்பரில் பால் சொம்போடு நின்ற அதே தேசம்தான் அக்டோபரில் கிரகணக் கண்ணாடியோடு நின்றது. இரண்டு கூட்டத்திலும் ஒரே ஆட்கள் கூட இருந்திருக்கலாம்! மனிதர்கள் அறிவாளி, முட்டாள் என்று இரண்டு ஜாதியாகப் பிரிந்து கிடக்கவில்லை. யார் முதலில் வந்து, எந்தக் குரலில் பேசுகிறார்கள் என்பதைப் பொறுத்து அதே மனிதர் எந்த வரிசையிலும் நிற்பார். அக்டோபரில் யஷ்பாலின் குரல் வதந்தியை முந்திக்கொண்டது. எட்டு மணி நேரம் உபதேசம் செய்து அல்ல, "வாங்க, சேர்ந்து பார்க்கலாம்" என்று கூப்பிட்டு.

லாப நஷ்டக் கணக்கு

சரி, பிறகு ஏன் இப்படி நிகழ்ச்சிகள் அருகிப் போயின? 1991-க்குப் பிறகு தனியார் சேனல்கள் வந்தன. விளம்பரத்தில் ஓடும் சேனலுக்கு ஒவ்வொரு அரை மணி நேரமும் விற்பனைச் சரக்கு. அறிவியல் நிகழ்ச்சி எடுக்கச் செலவு அதிகம், உழைப்பு அதிகம். ராசிபலனுக்கோ ஒரு நாற்காலியும் ஒரு ஜோசியரும் போதும். கணக்குப் புத்தகத்தில் எது ஜெயிக்கும் என்று சொல்லவே வேண்டாம். அறிவியல் நிகழ்ச்சியின் லாபம் பத்து, பதினைந்து வருடம் கழித்து, அதுவும் சேனலுக்கு இல்லாமல் சமூகத்துக்கு வருகிறது. அப்படிப்பட்ட வரவை எழுத எந்தப் பேரேட்டிலும் பத்தி கிடையாது.

அதற்காகப் போட்டியில்லாத பழைய தூர்தர்ஷன் காலமே பொற்காலம் என்று சொல்லிவிடவும் முடியாது. 1980-ல் கிரகணத்துக்குப் பதில் சினிமா காட்டியதும் அதே ஏகபோக தூர்தர்ஷன்தானே! அமைப்பு மட்டும் போதாது. உள்ளே ஒரு யஷ்பாலும், அவரைப் பேச விடும் ஓர் அதிகாரியும் வேண்டும். 2019 ஜனவரியில் டிடி நேஷனலில் அறிவியலுக்கென்று திங்கள் முதல் சனி வரை ஒரு மணி நேரம் ஒதுக்கித் தொடங்கினார்கள். நேரம் கிடைப்பது முதல் படி. அந்த நேரத்தில் யார், எப்படிப் பேசுகிறார்கள் என்பதுதான் அடுத்த படி.

யஷ்பாலுக்கு 2009-ல் அறிவியல் பரப்பலுக்கான யுனெஸ்கோவின் கலிங்கா விருது கிடைத்தது. 2013-ல் பத்ம விபூஷண். 2017 ஜூலை 24-ல் காலமானார். அவர் போன பிறகு, 2019 டிசம்பர் 26-ல் கங்கண சூரிய கிரகணம் நம் கோவை, திண்டுக்கல், திருச்சி வழியாகப் போனது. மேகம் விலகிய இடங்களில் பிள்ளைகள் கண்ணாடி போட்டுக்கொண்டு நெருப்பு வளையத்தைப் பார்த்துக் கைதட்டினார்கள். அதே நாளில் சில வீடுகளில் சன்னல்கள் மூடித்தான் இருந்தன.

இந்திய மண்ணில் அடுத்த முழு சூரிய கிரகணம் 2034 மார்ச் 20-ல், லடாக் பக்கம் தெரியும். அன்றைக்கு டிவி இருக்குமோ, கைக்குள் வேறு ஏதாவது திரை இருக்குமோ, யார் கண்டது! எந்தத் திரையானாலும் அது சன்னலை மூடச் சொல்லுமா, சூரியனைக் காட்டுமா என்பதுதான் கேள்வி. திரையை உருவாக்குகிறவர்கள் மட்டும் அதை முடிவு செய்வதில்லை. ரிமோட்டைக் கையில் வைத்திருப்பவர்களுக்கும் அதில் பங்கு உண்டு.