எழுத்தறிந்தவர் யார்?

1963ஆம் ஆண்டுக் குடிசன மதிப்புக்காக எங்கள் வீட்டுக்கு வந்த உத்தியோகத்தர் விறாந்தையில் கதிரை போட்டு இருந்து, ஒவ்வொருவருடைய விபரமாகக் கேட்டு எழுதினார். ஆச்சியின் முறை வந்தது. "எழுத வாசிக்கத் தெரியுமோ, ஆச்சி?" என்று கேட்டார். "தெரியாது, தம்பி" என்றார் ஆச்சி. அவரும் அப்படியே பதிந்துகொண்டு போனார்.

கோயிலில் கந்தபுராண படனம் நடக்கும் நாட்களில் அந்த ஆச்சி முன்னுக்கு இருப்பார். ஒருவர் பாட்டைப் பிரித்து வாசிப்பார்; மற்றவர் பயன் சொல்வார். வாசிப்பவர் ஒரு சீரை மாற்றிவிட்டால் ஆச்சி நிமிர்ந்து பார்ப்பார். வாசித்தவர் மீண்டும் ஏட்டைப் பார்த்துத் திருத்திக்கொள்வார். பாட்டுகள் ஆச்சிக்கு மனப்பாடம். உறுதி எழுதும்போது மட்டும் பெருவிரலில் மை பூசிக்கொள்வார்.

எழுத்தறிவு என்பது யாது என்ற கேள்வி அன்று எனக்கு எழவில்லை. பல ஆண்டுகள் கழித்து, உறவினர் வீட்டுப் பெட்டகத்தில் கிடந்த ஓர் ஏட்டுக் கட்டை அவிழ்த்தபோதுதான் எழுந்தது. படித்துப் பட்டம் பெற்ற என்னால் அதில் ஒரு வரியைத்தானும் தடையின்றி வாசிக்க முடியவில்லை. மொழி தமிழ்தான், எழுத்தும் பெரும்பாலும் பழகிய எழுத்துத்தான். ஆனால் சொல்லுக்கும் சொல்லுக்கும் இடைவெளி இல்லை. நிறுத்தக் குறிகள் இல்லை. செய்யுளை அடி அடியாகப் பிரித்தும் எழுதவில்லை.

இதற்குக் காரணம் ஓலையும் எழுத்தாணியும். எழுத்தாணியால் புள்ளி குத்தினால் ஓலை துளைபடும் என்று ஏடெழுதுவோர் பெரும்பாலும் புள்ளியை விட்டுவிட்டார்கள். குறில் எகர ஒகரங்களுக்கும் நெடிலுக்கும் வேறுபாடு காட்டுவதில்லை. 'பெறு' என்பதும் 'பேறு' என்பதும் ஏட்டில் ஒன்றே. காலும் ரகரமும் ஒரே வடிவம். ஆகவே ஒரே எழுத்துக் கோவையை 'கா' என்றும் 'கர' என்றும் 'கர்' என்றும் வாசிக்க இடமுண்டு. எது சரி என்பதைக் கண் சொல்லாது. இலக்கணமும் யாப்பும் செவிப்பழக்கமும் சொல்ல வேண்டும்.

அதனாலேதான் திண்ணைப் பள்ளிக்கூடத்துப் பிள்ளை மணலில் எழுத்தெழுதப் பழகியதோடு, பாட்டையும் வாய்ப்பாட்டையும் நெட்டுருப் பண்ணியது. அந்தக் காலத்து எழுத்தறிவில் பாதி ஞாபகம். ஏடு, தெரிந்ததை நினைவூட்டும் கருவியாகவும் இருந்தது. அந்த அளவுகோலால் அளந்தால் ஆச்சியிடம் இருந்ததும் பாதி எழுத்தறிவு. என்னிடம் இருந்ததும் பாதிதான்.

அச்சு வந்து இந்த அளவுகோலை மாற்றியது. அமெரிக்க மிஷனரிமார் 1823இல் வட்டுக்கோட்டையிலே செமினரியையும், 1824இல் உடுவிலிலே பெண்கள் பாடசாலையையும் தொடங்கினார்கள். 1841இல் உதயதாரகைப் பத்திரிகை வெளிவந்தது. மிஷன் பாடசாலையிலே கற்று, அங்கேயே கற்பித்த ஆறுமுக நாவலர் அந்தக் கருவியின் வலிமையை உணர்ந்தார். 1848இல் வண்ணார்பண்ணையில் சைவப் பிள்ளைகளுக்குப் பாடசாலை தொடங்கினார். 1849இல் சென்னைக்குப் போய் அச்சியந்திரம் வாங்கிவந்தார். படிப்படியாக உயரும் பாலபாடங்களை அச்சிட்டார். 1852இல் பெரியபுராணத்தை வசனமாக்கி வெளியிட்டார். சந்தி பிரித்து, நிறுத்தக் குறியிட்டு அமைந்த அந்த உரைநடையை, முன்பின் கேட்டறியாத ஒருவரும் தனியே இருந்து வாசித்து விளங்கிக்கொள்ளலாம். தெரியாததை வாசிப்பதே எழுத்தறிவு என்றாயிற்று.

ஆனால் கருவி வந்தால் மட்டும் போதாது. அதை எவர் கையில் கொடுப்பது என்பதைச் சமூகம் தீர்மானிக்கிறது. நாவலரும் சாதி ஆசாரத்தை விட்டுக்கொடுத்தவர் அல்லர். பாடசாலைக்குள் வந்த பின்னரும் வாங்கு மறுக்கப்பட்டு நிலத்தில் இருத்தப்பட்ட பிள்ளைகள் யாழ்ப்பாணத்தில் இருந்தார்கள். 1920களின் இறுதியில் சம ஆசனக் கோரிக்கை வலுத்தபோது எதிர்ப்பும் கடுமையாக எழுந்தது. இலவசக் கல்வி 1945இல்தான் வந்தது. ஆச்சியின் தமையன்மார் பள்ளிக்கூடம் போனார்கள். பெண்பிள்ளைக்கு எதற்கு என்று அவரை வீட்டில் மறித்துவிட்டார்கள். உடுவிலில் பெண்கள் பாடசாலை தொடங்கி எழுபது, எண்பது ஆண்டுகள் ஆன பிறகும் இதுதான் நிலைமை. அவர் கேட்டுக் கேட்டே கற்றார். அந்தக் கல்வியை எழுதுவதற்குக் குடிசன மதிப்புப் படிவத்தில் இடம் இருக்கவில்லை.

ஏட்டறிவும் அச்சறிவும் ஒருங்கே பெற்ற தலைமுறை ஒன்று இடையில் வாழ்ந்தது. சிறுப்பிட்டி சி. வை. தாமோதரம்பிள்ளை 1887இல் கலித்தொகையைப் பதிப்பித்தார். அதே ஆண்டில் தமிழ்நாட்டில் உ. வே. சாமிநாதையர் சீவக சிந்தாமணியை வெளியிட்டார். செல்லரித்த ஏடுகளை ஒப்புநோக்கி, விடுபட்ட புள்ளியையும் உடைந்த சீரையும் இலக்கண அறிவால் மீட்டு அச்சுக்குத் தந்தவர்கள் அவர்கள். இருவித அறிவும் ஒருவரிடம் கூடியிராவிட்டால் அந்த நூல்கள் நமக்குக் கிடைத்திரா.

இன்று கையடக்கத் தொலைபேசி மீண்டும் அளவுகோலை மாற்றுகிறது. அதில் ஒரு படிவத்தை நிரப்ப நான் பேத்தியின் உதவியை நாடுகிறேன். "உங்களுக்கு இது தெரியாதோ, அப்பப்பா?" என்று அவள் கேட்கும்போது ஆச்சி சொன்ன அதே பதிலைத்தான் சொல்கிறேன். அதில் எனக்கு வருத்தமில்லை. என் கவலை வேறு.

1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகத்தோடு எரிந்த ஏடுகள் திரும்பி வரமாட்டா. எஞ்சியவற்றைப் படம்பிடித்துக் கணினியில் சேர்க்கிறார்கள். அது நல்ல பணி. ஆனால் படம் ஓலையைத்தான் காக்கும். ஓலையை வாசிக்கும் அறிவைக் காக்காது. அந்த அறிவு உள்ளவர்கள் இன்று மிகச் சிலர். அவர்களிடம் இரண்டு இளைஞராவது போய் உட்கார்ந்து கற்காவிட்டால், நம் முன்னோர் தமிழில் எழுதிவைத்ததன் முன்னே, தமிழ் படித்த நாம் எல்லோருமே கைநாட்டுக்காரராக நிற்போம்.