ஒலிநாடாவில் பிழைத்த குரல்கள்

1963இல் பிலிப்ஸ் நிறுவனம் பெர்லினில் அறிமுகஞ்செய்த கசெற், சாதாரண வீடுகளையும் ஆவணக் காப்பகங்களாக்கியது. 1981இல் யாழ்ப்பாண நூலகம் எரிந்தது. 1995இல் வலிகாமம் இடம்பெயர்ந்தது. ஏடுகள் அழிந்தன. ஆயினும் பயணப்பைகளில் வந்த கசெற்றுகளில் கூத்தும் பாட்டிமார் பேச்சும் பிழைத்தன. மின்சாரமற்ற நாள்களில் சைக்கிள் டைனமோவைச் சுழற்றி வானொலியும் பாட்டும் கேட்டவர்களல்லவா நாம்!

அவற்றைக் கணினிக்கு மாற்றுவோர் அவசரப்படலாகாது என்பேன். இயந்திரத்தின் ஹெட்டைத் துடைத்து, அதன் சாய்வை அந்தந்தப் பதிவுக்கேற்பத் திருத்தினால்தான் மேல்ஒலிகள் தெளியும். 24 பிற், 96 கிலோஹேர்ட்ஸில், சுருக்காத கோப்பாகப் பதியுங்கள். இரைச்சலை நீக்குவது பிரதியில் மட்டுமே இருக்கட்டும். மூலக்கோப்பில் கைவைத்தால் இரைச்சலோடு பாடியவரின் மூச்சும் போய்விடும்.

பேசியவர் யார், எந்த ஊர், எந்த ஆண்டு என்பவற்றையும் எழுதிவையுங்கள், நேயர்களே. அக்குரல்களை இனங்காணக்கூடியவர்கள் குறைந்து வருகிறார்கள்.