எழுதியும் நிறைவேறாத வாக்கு
1965 மார்ச் 22இல் நடந்த பொதுத்தேர்தலில் எக்கட்சிக்கும் அறுதிப் பெரும்பான்மை கிட்டவில்லை. 151 ஆசனங்களில் ஐக்கிய தேசியக் கட்சி பெற்றவை 66. தமிழரசுக் கட்சி பெற்றவை 14. அப்பதினால்வரின் தலைவர், எமது மயிலிட்டி அடங்கிய காங்கேசன்துறைத் தொகுதியின் பிரதிநிதி சா. ஜே. வே. செல்வநாயகம்.

24ஆம் திகதி அவரும் டட்லி சேனநாயக்காவும் உடன்படிக்கையில் ஒப்பமிட்டனர். தமிழில் நிருவாகம், மாவட்ட சபைகள், குடியேற்றக் காணிகளில் முன்னுரிமை என்பன அதில் அடங்கின. டட்லி பிரதமரானார். 1966இல் தமிழ்மொழி ஒழுங்குவிதிகள் நிறைவேறின. ஆனால், எதிர்க்கட்சியும் ஆளுங்கட்சியிற் சிலரும் எதிர்க்க, மாவட்ட சபைத் திட்டம் 1968இற் கைவிடப்பட்டது.

இரண்டு நாளில் எழுதியது மூன்றாண்டிலும் சட்டமாகவில்லை. ஆறு கடக்கும் வரையே அண்ணன் தம்பி! பேரம் பேசுவோர் ஒப்பத்தோடு தவணையையும் கேட்டுப் பெறவேண்டும் என்பதே நாம் கற்கும் பாடம்.